எத்தனை ஊர் என்று கேட்காதீர்கள்

போன வாரம் காலை நடையின்போது ஒரு சண்டை. சண்டை என்றால் கைகலப்பு இல்லை. எங்கள் வயதில் அதற்குத் தெம்பு ஏது? கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என்னோடு ஒரே வகுப்பில் பிரெஞ்சு படித்த நண்பர் ஒருவர், பையிலிருந்து பளபளவென்று ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். நார்வே கப்பல் பயணம். பிரான்சில் இருக்கும் மகன் அனுப்பி வைத்தது.

"எட்டு நாள், ஆறு ஊரு. இன்னொரு கம்பெனியிலே இதே காசுக்கு அஞ்சு ஊருதான்" என்றார்.

அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுக்கிறது. அவருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை நடந்திருக்கிறது. நான் கேட்டேன்: "ஆறு ஊரிலே எத்தனை ஊரிலே கப்பல் கரையை ஒட்டி நிக்கும்?"

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். அவரும் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். நேரில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். அவர் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தான்.

முதலில் இன்னொரு கட்சியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "நடக்க முடியாதவங்களுக்கு எதுக்கு நார்வே? யூடியூப்பிலே பாத்தா ஆச்சு" என்பவர்கள் அவர்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதைச் சொல்பவர் எவரும் தான் திருப்பதிக்குப் போவதை யூடியூபில் முடித்துக்கொண்டவர் இல்லை. கால் போனால் ஆசையும் போய்விடும் என்று யார் சொன்னது? உலகத்தில் நடக்காமலே பார்க்கக்கூடிய பெரிய காட்சி என்று ஒன்று உண்டென்றால் அது நார்வேயின் ஃபியோர்டுதான். கடல் ஒரு நீண்ட கை போல மலைகளுக்குள் நுழைந்து கிடக்கும் இடுக்குக்குத்தான் அந்தப் பெயர். ஒரு காலத்தில் பனிப்பாறைகள் அரைத்துக் குடைந்த பள்ளம். பிறகு அதில் கடல் புகுந்தது. மலைச்சரிவு அப்படியே தண்ணீருக்குள் இறங்குவதால், பெரிய கப்பல்கூட உள்ளே போக ஆழம் இருக்கிறது. நார்வேயின் மிக நீளமான சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம், மிக ஆழமான இடத்தில் 1,300 மீட்டர். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், மலை உங்களைத் தேடி வரும். முழங்கால் தேய்ந்தவர்களுக்கென்றே செய்து வைத்தது போன்ற இடம்.

ஆகவே போகலாமா என்று நான் கேட்கவில்லை. எப்படிப் போவது என்பதில்தான் என் சண்டை.

2017 ஜூன் மாதத்தில் நானும் என் மனைவியும் போனோம். பாரீசுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் தங்கையும் மாப்பிள்ளையும் கூட வந்தார்கள். மாப்பிள்ளை சொல்தா, ஓய்வூதியம் வாங்குகிறார். வட ஜெர்மனியில் ஒரு துறைமுகத்திலிருந்து கிளம்பும் பெரிய கப்பல். கம்பெனி பெயர் வேண்டாம். தங்கை மகள்தான் கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவு செய்தாள்.

என் மனைவிக்கு அதற்கு இரண்டு வருடம் முன்னால் இடுப்பு எலும்பு முறிந்து, தகடு வைத்திருந்தது. வீட்டுக்குள் கைத்தடியோடு நடப்பாள். ஐம்பது அடிக்கு மேல் சக்கர நாற்காலிதான். படி ஏறுவது கிட்டத்தட்ட இல்லை.

பதிவின்போது ஒரு படிவம் வந்தது. தங்கை மகள் தொலைபேசியில் ஒவ்வொன்றாகப் படித்தாள். "மாமா, அத்தை படி ஏறுவாங்களா? ஆடுற படகிலே தானா கால் வெச்சு இறங்குவாங்களான்னு கேக்கறான்." நான் சொன்னேன்: "ஏறுவா, இறங்குவா. உய்னு போடும்மா." உண்மையைச் சொன்னால் டாக்டர் சான்றிதழ் கேட்பான், அறையை மாற்றுவான், விலையைக் கூட்டுவான், வேண்டாமென்றே சொல்லிவிடுவான் என்று ஒரு பயம். அதற்கும் மேல் ஒரு கூச்சம். நம் வீட்டுப் பெண்பிள்ளைக்கு முடியாது என்று அயலானிடம் எழுதிக் கொடுப்பதா?

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் படிவம் சரிபார்த்தவன் நான். ஒரு கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்பியவன். அந்தக் கையாலேயே பொய்ப் படிவம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கெய்ராங்கர். 15 கிலோமீட்டர் நீளமுள்ள ஃபியோர்டின் கோடியில் ஒரு சின்னக் கிராமம். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். கிராமம் சின்னது, கப்பல் பெரியது. கப்பலிலிருந்து கரைக்கு நீளும் மிதவை நடைபாலம் ஒன்று அங்கே உண்டு. ஆனால் அன்று அதில் வேறு கப்பல் நின்றது. எங்கள் கப்பல் நடு நீரில் நங்கூரம் போட்டது. கரைக்குப் போக டெண்டர் என்கிற சிறு படகு.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் கப்பல் கரைக்கு வந்ததே இல்லை. எட்ட நின்றது; சலங்கு போய் ஆளையும் மூட்டையையும் ஏற்றி வந்தது. பாலம் கட்டிய பிறகும் கப்பல் தூரத்தில்தான் நின்றது. அந்தப் பழைய பாலமும் 1952 புயலில் போயிற்று. சைகோனிலிருந்து திரும்பிய தன் அத்தையைப் படகுக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கரையில் விட்டதை என் அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். கெய்ராங்கரில் நடப்பதும் அதேதான், ஒரு வித்தியாசத்தோடு. இங்கே யாரும் தோளில் தூக்க மாட்டார்கள். தூக்கக் கூடாது என்று கப்பல்காரர்களுக்கு விதி இருக்கிறது. நடுவில் தவறி விழுந்தால் யார் பொறுப்பு? விதியில் தப்பில்லை.

கப்பலின் அடித்தளத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. வெளியே படகு ஏறி இறங்கி ஆடுகிறது. கதவுக்கும் படகுக்கும் இடையே ஒரு பெரிய எட்டு. அந்த எட்டை நாமே வைக்க வேண்டும். அவர்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். என் மனைவி நாற்காலியை விட்டு எழுந்து, தடியை ஊன்றி, படகைப் பார்த்தாள். அங்கே நின்ற அதிகாரி அவள் காலைப் பார்த்தார். மரியாதையாகத் தலையை ஆட்டினார். கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்களால் முடியும் என்று எழுதியிருக்கிறதே" என்றார். எங்களுக்குப் பின்னால் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள். நான் போனேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். தங்கையும் மாப்பிள்ளையும் போகிறார்களே, காசு கொடுத்திருக்கிறோமே என்று போனேன். இரண்டரை மணி நேரம் அந்தக் கிராமத்தில் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கடை பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் ஒரு பொம்மை வாங்கினேன். விலையை ரூபாயில் கணக்குப் போட்டு நொந்துகொண்டேன்.

திரும்பி வந்தபோது அவள் மேல்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அவள் வேறு ஒரு கதை சொன்னாள். இடுப்பு வலியால் விடிகாலையிலேயே விழித்துவிட்டாளாம். ஜூன் மாதம் அங்கே இருட்டென்பதே கிடையாது. என்னை எழுப்பாமல் தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிப்டில் மேலே போயிருக்கிறாள். கப்பல் ஃபியோர்டுக்குள் நுழைந்த நேரம் அது. ஏழு சகோதரிகள் என்று ஒரு அருவி, ஏழு தாரையாக விழுகிறது. எதிர்க்கரையில் 'மாப்பிள்ளை' என்று ஒரே ஒரு தாரை. ஏழு பேரையும் பெண் கேட்டு நிற்கிறதாம். எட்டிப் பிடிக்கிற உயரத்தில், செங்குத்துப் பாறையில், யாரோ விட்டுவிட்டுப் போன பண்ணை வீடுகள். எல்லாம் பார்த்திருக்கிறாள். நானோ அந்நேரம் போர்த்திக்கொண்டு தூங்கினேன். சாயங்காலம் கப்பல் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால், மழை பிடித்து மலை முழுவதும் மேகம்.

எந்தக் காட்சிக்காகக் காசு கொடுத்தோமோ அதை அவள் பார்த்தாள். ஊரை எண்ணிக்கொண்டு இறங்கியவன் பார்க்கவில்லை.

இதனால் அவளுக்கு நேர்ந்த அவமானம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அது தனிக் கணக்கு. அது என் பொய்யால் வந்தது. நான் சொல்வது இதுதான்: நார்வே பயணத்துக்கு ஊர்க்கணக்கு ஒரு பொய்க்கணக்கு. கம்பெனிகள் ஆறு ஊர், ஏழு ஊர் என்று போட்டுக் காட்டுவது, எண்ணுவதற்கு அதுதான் சுலபம் என்பதால். ஊர் கூடக்கூட, கப்பல் இரவெல்லாம் வெளிக்கடலில் ஓடவேண்டும்; ஃபியோர்டுக்குள் நிதானமாகப் போகும் பகல் நேரம் குறையும். நாலே ஊர் போட்டு, பகலில் ஃபியோர்டுக்குள் அதிக நேரம் விடுகிற பயணம்தான் முடியாதவர்களுக்கு மேல். என்னைக் கேட்டால் முடிந்தவர்களுக்கும் அதுதான் மேல்.

இறங்கவே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். கெய்ராங்கருக்கு மறுநாள் ஃபுலோம். சோக்னே ஃபியோர்டுக்குள் மணிக்கணக்காகப் போய், ஒரு கிளையில் திரும்பி, கோடியில் சேர வேண்டிய ஊர். அங்கே கப்பல் மேடையை ஒட்டியே நின்றது. சாய்வுப் பலகை வழியாக மனைவியை நாற்காலியோடு இறக்கினேன். கொஞ்ச தூரத்திலேயே ரயில் நிலையம், வழி சமதளம். 20 கிலோமீட்டர் ரயில், கடல் மட்டத்திலிருந்து 860 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. சாதாரண ரயில்பாதையில் இவ்வளவு செங்குத்தான ஏற்றம் உலகத்திலேயே குறைவு. நாற்காலி ஏறக்கூடிய பெட்டி எது என்று முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். நடுவழியில் ஒரு பெரிய அருவியருகே சில நிமிடம் நிறுத்துகிறார்கள். எல்லோரும் இறங்கி ஓடுகிறார்கள். அவள் ஜன்னலிலிருந்தே பார்த்தாள். சாரல் அவள் வரைக்கும் வந்தது.

பெர்கனிலும் கப்பல் கரையோடுதான் நின்றது. யுனெஸ்கோ பட்டியலில் 1979 முதல் இருக்கும் பழைய மரவீட்டுத் துறைமுகத் தெருவில், உருண்டைக் கல்லும் மரப்பலகையுமாக இருந்த தரையில், நாற்காலியைத் தள்ளி என் முதுகு கழன்றுவிட்டது. ஆனால் 1918 முதல் ஓடும் மலை ரயிலில் நாற்காலியோடே ஏறி, 320 மீட்டர் உயரத்திலிருந்து ஊர் முழுவதையும் பார்த்தோம். ஒலேசுண்டில் மலை உச்சிக்கு 418 படி என்று புத்தகத்தில் போட்டிருந்தான். படியைப் படித்துவிட்டு அன்றைக்குக் கீழேயே இருந்துவிட்டோம். உச்சிக்கு ரோடும் உண்டு, வண்டியில் போகலாம் என்று பிறகுதான் தெரிந்தது. ஓல்டன் என்கிற துறைக்குப் பக்கத்தில் லோயன் என்ற ஊரில், 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறும் கம்பிவடப் பெட்டி 2017-இல்தான் திறந்தார்கள், நாற்காலியோடு போகலாம். ஒவ்வொரு ஊரிலும் நடப்பவனுக்கு ஒரு வழி, உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு வழி இருக்கிறது. விளம்பரப் புத்தகம் முதல் வழியை மட்டும் எழுதுகிறது.

இப்போது அந்தப் புத்தகங்களில் வரும் 'அனைவருக்கும் ஏற்றது' என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்தச் சொல்லை நம்பி ஏமாந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது ஒன்றையும் சொல்வதில்லை. கப்பல் முழுவதும் லிப்ட் இருக்கலாம். உங்கள் கேபின் கதவில் நாற்காலி நுழையாவிட்டால் லிப்ட் எதற்கு? சாதாரண கேபின் கதவு குறுகல். எங்கள் அறையில் நாற்காலியை மடித்து வெளியே நிறுத்திவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு வரம்பு. எட்டு நாளும் எனக்கு அந்த வரம்பைப் பற்றியே கவலை. நாற்காலி போகும்படி அகலக் கதவு, வரம்பில்லாத குளியலறை உள்ள அறைகள் தனியாக உண்டு. ஆயிரக்கணக்கான பேர் ஏறும் கப்பலிலும் அவை கொஞ்சம்தான். ஒரு வருடம் முன்னால் பதிந்தால்தான் கிடைக்கும். அறை பெரிதாக இருக்கிறதே என்று நன்றாக நடக்கிறவர்கள் அதைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அவர்களுக்கு என்ன சொல்ல?

பால்கனி அறை எடுக்கச் சொல்வார்கள். எடுக்கலாம். ஆனால் தடுப்பு கண்ணாடியா, இரும்புத் தகடா என்று கேளுங்கள். நிற்பவனுக்கு இரண்டும் ஒன்று. உட்கார்ந்திருப்பவளுக்கு இரும்பென்றால் எட்டு நாளும் வெள்ளைத் தகடுதான் நார்வே. பால்கனிக்குப் போகும் கதவின் அடியில் மேடு உண்டா என்றும் கேளுங்கள். அதற்கும் பணமில்லை என்றால் பரவாயில்லை. மேல்தளத்தில் கதகதப்பான கண்ணாடி அறை இருக்கிறதா, அதற்கு லிப்ட் போகிறதா, இவை போதும். ஜூனிலும் காற்று குளிரும், பெர்கன் பக்கம் மழை சொல்லாமல் வரும். ஈரத் தளத்தில் கைத்தடி வழுக்கும். வெளியே நிற்பதைவிட உள்ளே உட்கார்ந்து பார்ப்பதே நல்லது.

பெரிய கப்பலா, சின்னதா என்றும் கேட்கிறார்கள். பெரிய கப்பலில் லிப்டும் வசதியும் அதிகம், நடையும் அதிகம். எங்கள் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் போய்வருவது நேரு வீதியில் ஒரு நடை. சின்னதென்று ஆற்றுக் கப்பலுக்குப் போகாதீர்கள். ரைன் நதிக் கப்பல்கள் பல நேரம் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கரைக்கு வர நடுவில் இருக்கும் கப்பலுக்குள் புகுந்து வரவேண்டும், சில நேரம் ஏறி இறங்கி. அங்கே நாற்காலி திணறும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை நம்மவர்கள் அதிகம் நினைப்பதில்லை. நார்வே கரையோரமாக 1893 முதல் ஓடும் தபால் கப்பல் வழி. ஹுர்டிக்ருட்டன் என்று பெயர். 2021 முதல் ஹவிலா என்ற கம்பெனியும் சேர்ந்து அந்த வழியில் ஓட்டுகிறது. தெற்கே பெர்கனில் கிளம்பி, வடகோடியில் ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்க்கெனெஸ் போய்த் திரும்ப 12 நாள், 34 துறை. 34 என்றதும் இவனே ஊர்க்கணக்கை எண்ணுகிறானே என்று சிரிக்காதீர்கள். இது நம் டவுன் பஸ் மாதிரி. பல துறைகளில் கால் மணி, அரை மணிதான் நிற்கும், சிலவற்றில் நடுராத்திரி. யாரும் எல்லாவற்றிலும் இறங்கப் போவதில்லை. அந்த ஊர்க் கிழவர்கள் அடுத்த ஊருக்குப் போக இதில்தான் ஏறுகிறார்கள், சாமான் ஏற்றுகிறார்கள். அதனால் கப்பல் வழக்கமாக மேடையை ஒட்டித்தான் நிற்கும். நாள் முழுவதும் கரை கண்ணை விட்டு மறையாது. வடக்கே போகும்போது நிலம் வலப்பக்கம். சீட்டாட்டம், நாடகம் ஒன்றும் கிடையாது. குறையும் உண்டு. இடையிடையே வெளிக்கடல் வரும், அப்போது ஆடும். கோடையில் ஃபியோர்டுக்குள் போய் ஆளிறக்கும் இடத்தில் இவர்களும் டெண்டர்தான். கப்பலுக்குக் கப்பல் வசதி மாறும், நாற்காலி அறை இங்கும் சிலவே. இத்தனையும் தெரிந்தே சொல்கிறேன், காட்சிக்காக மட்டும் போகிறவர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

பழைய பயணக் கட்டுரைகளை நம்பி வழியை முடிவு செய்யாதீர்கள். பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஃபியோர்டுகளில் மாசு இல்லாமல்தான் கப்பல் ஓடவேண்டும் என்று நார்வே விதி போட்டிருக்கிறது. 10,000 டன்னுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்களுக்கு 2026 முதல், பெரியவற்றுக்கு 2032 முதல். எந்தக் கப்பல் எதற்குள் போகும் என்பது இனி வருடா வருடம் மாறும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் பார்த்தேன். போவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு 1177-ஆம் எண் விதி, கடல்வழிப் பயணிகளின் உரிமை பற்றியது. பள்ளியில் கற்ற பிரெஞ்சு அன்று உபயோகப்பட்டது. மூலத்தை வரி வரியாகப் படித்தேன். நம்மைப் போன்றவர்களுக்கு அதில் 'பெர்சோன் அ மொபிலித்தே ரெடுயித்' என்று பெயர். நடமாட்டம் குறைந்தவர்கள். பாவமென்று சொல்லவில்லை. வயது காரணமாக நடை குறைந்தவரும் அதில் அடக்கம். ஒன்றியத்து நாடுகளின் துறைமுகத்தில் ஏறும் உல்லாசக் கப்பலுக்கும் பொருந்தும். இந்தக் காரணத்துக்காக மட்டும் இடமில்லை என்று சொல்லக்கூடாது. பாதுகாப்பு விதி இடம் தரவில்லை, கப்பலின் அமைப்போ துறைமுகமோ ஒத்துவரவில்லை என்று மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். கேட்டால் ஐந்து வேலை நாளுக்குள் எழுத்தில் தரவேண்டும். நாற்காலியை உடைத்தால் ஈடு கட்டவேண்டும்.

அதே விதியில் நம் பங்கும் இருக்கிறது. எந்த மாதிரி அறை வேண்டும், என்ன கருவி கொண்டுவருகிறோம் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லவேண்டும். ஏறி இறங்க உதவி வேண்டுமென்றால் 48 மணி நேரம் முன்னதாவது தெரிவிக்கவேண்டும். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவதுபோல் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். ஒரு புகார்க் கடிதம் எழுதலாம் என்றுதான் தேட ஆரம்பித்தது. எதை எழுதுவது? படியும் ஏறுவாள், படகிலும் இறங்குவாள் என்று எழுதிக் கொடுத்தவன் நான்.

இந்த இடத்தில் கம்பெனியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் யோக்கியன் இல்லை. நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் உதவித்தொகைப் பிரிவு மாடியில் இருந்தது. வளைந்து ஏறும் பழைய படிக்கட்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள் அந்த மாதிரி. கைத்தடியோடு வருவார்கள், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கையெழுத்து மேலே வந்துதான் போடவேண்டும் என்போம். ஒரு நாளும் நான் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியதில்லை. பதினாறு படிதான். "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க" என்று நாங்களும் நினைத்திருப்போம். கெய்ராங்கரில் அந்த அதிகாரி பட்டியலோடு நின்றபோது எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வந்தது.

ஆகவே மாடியில் உட்கார்ந்திருப்பவன் தானாக இறங்கி வருவான் என்று காத்திருக்காதீர்கள். கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். நண்பருக்காக அந்தக் கேள்விகளைக் கோப்புக் குறிப்பு மாதிரி எழுதுகிறேன்.

1. ஒவ்வொரு ஊரிலும் கப்பல் மேடையை ஒட்டி நிற்குமா, டெண்டரா? டெண்டர் என்றால் நாற்காலியோடு ஏற்றுவார்களா?

2. ஃபியோர்டுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் எத்தனை மணிக்கு?

3. அறைக் கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர்? உங்கள் நாற்காலியை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். குளியலறையில் வரம்பு உண்டா? கைப்பிடி உண்டா?

4. இறங்கும் பலகை எவ்வளவு சாயும்? கடல்மட்டம் ஏறி இறங்க அதுவும் மாறும். செங்குத்தாக இருக்கும் நேரத்தில் தள்ள ஆள் தருவார்களா?

5. கரையில் சுற்றிக்காட்டும் பஸ்ஸில் நாற்காலி ஏற்றும் வசதி உண்டா, அல்லது மடித்து அடியில் போட்டுவிட்டுப் படியேற வேண்டுமா?

6. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு: நடுவில் கப்பல் பிரிட்டனுக்குப் போகிறதா? போனால் அந்த விசாவும் வேண்டியிருக்கும், திரும்ப நுழைய ஷெங்கன் விசா ஒரு முறைக்கு மேல் செல்ல வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் பழைய நோய்க்கு அது பணம் தருமா என்பது வேறு கேள்வி. அதையும் கேளுங்கள்.

இந்த ஆறுக்கும் பதில் சொல்லாமல் ஆறு ஊர் என்று மட்டும் சொல்பவனிடம் பணம் கட்டாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்காக நீங்கள் பதிவு செய்யும்போது, உங்கள் கல்யாணத்தில் ஓடியாடிய அம்மாவை மனதில் வைத்துப் பதிவு செய்யாதீர்கள். இப்போது இருக்கும் அம்மாவை ஒரு தடவை வாசல்வரை நடக்கவிட்டுப் பாருங்கள். நாங்கள் "நடப்பேன், நடப்பேன்" என்றுதான் சொல்வோம். நம்பாதீர்கள்.

என் மனைவி இப்போது வீட்டுக்குள்ளும் நாற்காலிதான். போன மாதம் கரையோரத் தபால் கப்பலுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், அடுத்த கோடைக்கு. நாற்காலி அறை ஒன்றுக்காக. படிவம் வந்தது. இந்த முறை தங்கை மகளைத் தொந்தரவு செய்யவில்லை. நானே மேசையில் உட்கார்ந்து, என் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். படி ஏறுவாரா? "மாட்டேன்னு போடுங்க" என்றாள். படகில் தானாக இறங்குவாரா? "மாட்டேன்." தனியாக நிற்பாரா? கொஞ்சம் யோசித்து, "எதையாவது பிடிச்சுக்கிட்டா நிப்பேன். அதையும் எழுதுங்க" என்றாள். எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. இல்லை என்று வந்தாலும் காரணத்தோடு வரட்டும்.

நண்பரே, உங்கள் புத்தகத்தில் கெய்ராங்கர் மூன்றாவது ஊராகப் போட்டிருந்தது, நான் பார்த்தேன். உங்கள் மகனிடம் முதல் கேள்வியை மட்டுமாவது இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். கோபமெல்லாம் போதும். நாளைக் காலை அதே இடத்தில் இருப்பேன்.